நெற்றியில் ஐந்து கிராம்

காலை ஐந்தே முக்காலுக்கு பீமராவ் பூஜையை முடித்துவிட்டு நெற்றியில் அங்காரம் இட்டுக்கொண்டார்.

அங்காரம் என்பது கறுப்புக் கோடு. தூபக்காலில் மிஞ்சும் கரியைப் பொடித்து, நீர் விட்டுக் குழைத்து, புருவ நடுவிலிருந்து மேல்நோக்கி இழுப்பது. மாத்வர்கள் வழக்கம். பீமராவ் வீட்டுக் கரி கரடுமுரடு. கோடு ஓரத்தில் பிசிறும். மதியத்துக்குள் பாதி உதிர்ந்து மூக்கில் வந்து நிற்கும்.

இன்று பிசிறவில்லை. கண்ணாடியில் பார்த்தார். ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி இருந்தது.

ஸ்வாமி அலமாரியில் வழக்கமான தகர டப்பாவுக்கு முன்னால், பண்டிகைக்கு மட்டும் எடுக்கும் வெள்ளிச் சிமிழ் இருந்தது. அதில் நிறைய, மை போன்ற பொடி. பீமராவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. வைஜயந்தி சமாதானத்துக்கு வருகிறாள்.

திங்கட்கிழமையிலிருந்து கணவன் மனைவிக்குள் பேச்சு இல்லை. மருமகள் கமலினிக்குப் பூனேயில் வேலை கிடைத்ததை அவர் மடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பெருமைக்குத்தான் சொன்னார். வைஜயந்திக்கு அது வேறு மாதிரிப் பட்டது.

"போகாதேன்னு சொல்ல இந்த ஆத்துல ஒருத்தர் இல்ல. தண்டோரா போட மட்டும் ஆள் இருக்கு" என்றாள். அதன் பிறகு அவரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் கமலினியிடம் சொன்னாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதும்.

பீமராவ் சிமிழை மூடி மடிசஞ்சிப் பைக்குள் வைத்துக்கொண்டார். வியாழக்கிழமை. மடத்தில் நாலு பேர் வருவார்கள். நாலு பேர் பார்க்கட்டும்.

*

கமலினி குளித்துவிட்டு வந்து தன் பையைத் திறந்தாள். குப்பி இல்லை.

அவள் துவாக்குடியில் ஆராய்ச்சி மாணவி. வாழைப்பூ மடலைக் கரியாக்குகிறாள். காந்தி மார்க்கெட்டில் காய்கறி விற்கும் வீராயி வாழைப்பூவை உரித்துவிட்டு எறியும் மடல்களை மூட்டையாக வாங்கி வருவாள். கழுவி, உலர்த்தி, அமிலத்தில் ஊறவைத்து, காற்றுப் படாமல் ஆயிரத்து முந்நூறு டிகிரியில் சுடுவாள். சோடியம் பாட்டரிக்கு அப்படி ஒரு கரி வேண்டும். லித்தியம் குடியிருக்கும் கிராபைட்டில் சோடியத்துக்கு இடம் போதாது. வாழை மடல் கரியில் போதும். சோடியம் உப்பிலேயே கிடைப்பது. மடல் குப்பையிலேயே கிடைப்பது. கிடைக்காதது சுடுவதற்கு ஓர் உலை.

இருந்த ஒரே உலையின் குழாய் போன வாரம் விரிசல் விட்டது. அதற்கு முன்பு சுட்டதில் மிச்சம் ஐந்து கிராம்.

அந்த ஐந்து கிராமைப் பார்க்கத்தான் இருதயநாதன் இன்று வருகிறார். துவாக்குடி தொழிற்பேட்டையில் சின்னதாக பாட்டரி செய்கிறவர். கரி எவ்வளவு மின்சாரம் தேக்கும் என்ற கணக்கையெல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டார். கரியை நீரில் குழைத்து அலுமினியத் தாளில் பூசினால் உதிராமல் ஒட்டுகிறதா என்பது ஒன்றுதான் பாக்கி. ஒட்டினால் கரி செய்யும் பிரிவை அவளிடமே ஒப்படைப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஒட்டாவிட்டால் பொள்ளாச்சிக் கொட்டாங்குச்சிக் கரிக்குப் போய்விடுவார். கமலினி பூனேக்குப் போய்விடுவாள். அங்கே அடுத்தவர்கள் செய்த கரியைச் சோதிக்கிற வேலை. பூனேக்கு இன்று மாலைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கணவன் பிரஹலாதுக்குத் திருவெறும்பூர் ஆலையில் வேலை. அவனைப் பூனேக்கு மாற்ற மாட்டார்கள். "நீ எது முடிவு பண்ணாலும் எனக்கு ஓகே" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். நாலு நாளாக அதையேதான் சொல்கிறான்.

"மாமி, என் பையில ஒரு குப்பி இருந்ததே?"

வைஜயந்தி அடுப்படியில் இருந்தாள். திரும்பவில்லை.

"ராத்திரி ஸ்வாமிகிட்ட வெச்சேன். ஹால் டிக்கெட், வண்டிச் சாவி எல்லாம் வெக்கறோம். இது உன் ஜீவனம். ஒரு ராத்திரி அங்க இருக்கட்டும்னு வெச்சேன்."

கமலினி அலமாரிக்குப் போய்விட்டு வந்தாள்.

"அங்க குப்பி இல்லையே."

"குப்பியோட எப்படி வெக்கறது? பிளாஸ்டிக். லேப்ல யார் யாரோ தொட்டது. வெள்ளிச் சிமிழ்ல மாத்தி வெச்சேன்."

"சிமிழும் இல்ல. குப்பி எங்க?"

வைஜயந்தி மேல் தட்டைக் காட்டினாள். குப்பி பளபளவென்று இருந்தது. உள்ளே பெருங்காயம்.

"மூடி நன்னா இறுக்கமா இருந்தது. வாசனை போகாது."

கமலினி அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டாள். வைஜயந்திக்குச் சுத்தத்தில் குறை சொல்ல முடியாது. ஒருமுறை லேபைப் பார்க்க வந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் காற்றும் ஈரமும் போகாமல், கையுறை வழியாக மட்டும் கமலினி வேலை செய்வதைப் பார்த்தாள். 'இதுதான்டி மடி. நான் பண்றதெல்லாம் சும்மா' என்றாள். அன்றிலிருந்து மருமகள் வேலையில் அவளுக்குத் தனி மரியாதை.

"சிமிழை யார் எடுத்திருப்பா?"

"உன் மாமனார் தவிர அந்த அலமாரிய யார் தொடுவா?"

வைஜயந்தி கரண்டியைக் கீழே வைத்தாள். அப்போதுதான் அவளுக்கும் உறைத்தது.

"பூசிண்டிருப்பாரோ?"

*

மடத்தில் தீர்த்தம் கொடுத்து முடிந்திருந்தது. ஏழெட்டுப் பேர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பீமராவ் நடுவில் இருந்தார். முன்னால் சின்னக் கல் உரல் மாதிரி ஒரு கல்வம். அதில் கறுப்பாகக் குழம்பு.

"வாம்மா. நம்மாத்தைப் பத்தித்தான் பேச்சு. உன் மாமியார் பண்ணின அங்காரம். வெங்கண்ணாச்சார் எந்தக் கடைன்னு கேக்கறார். கடையில்ல, ஆத்துல பண்ணினதுன்னு சொன்னேன்."

எல்லோரும் நெற்றியை நிமிர்த்திக் காட்டினார்கள். எல்லாக் கோடும் நேராக இருந்தது. தன் ஆராய்ச்சி ஒரே நாளில் இத்தனை பேருக்குப் பயன்பட்டு கமலினி பார்த்ததில்லை.

"மாமா, அது மாமி பண்ணினது இல்ல. நான் பண்ணினது."

"நீயா? எனக்காகவா?"

"பாட்டரிக்காக."

பீமராவின் கை நெற்றிக்குப் போய்ப் பாதியில் நின்றது. வெங்கண்ணாச்சார் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஷாக் அடிக்குமா?"

"அடிக்காது மாமா. வெறும் கரி."

"உடம்புக்குக் கெடுதலா?"

"இல்ல. எனக்குத்தான்."

அவள் விஷயத்தைச் சொன்னாள். உலை, ஐந்து கிராம், இருதயநாதன், பொள்ளாச்சி. வெங்கண்ணாச்சார் துண்டை உதறினார்.

"ஈரத்துணியால தொடச்சுக் குடுத்துடறோம். துணியோட எடுத்துண்டு போ. ஓய், எல்லாரும் தொடையுங்கோ."

"வேண்டாம் மாமா. வேர்வையும் சேர்ந்து வரும்."

பீமராவ் கல்வத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல நிறைய இருக்கே. சிமிழ்ல இருந்ததை முழுக்கக் குழைச்சுட்டேன். காய வெச்சா பொடிதானே?"

"எதுல குழைச்சேள்?"

"துளசி தீர்த்தத்துல. சுத்தம்."

"சுத்தம்தான். லேப் சுத்தம் வேற மாதிரி."

பீமராவ் கல்வத்தை இரண்டு கையாலும் தூக்கினார். அங்கவஸ்திரத்தால் மூடினார்.

"நீ வண்டிய எடு. இது என் மடியில வரும்."

"நானே கொண்டு போயிடறேன்."

"வண்டியும் ஓட்டி இதையும் பிடிப்பியா? குழைச்சது நான். சுமக்கறதும் நான்."

வாசலில் ஸ்கூட்டரில் ஏறும்போது அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்போ வைஜயந்தி எனக்காக எதுவும் பண்ணலியா?"

கமலினி ஹெல்மெட்டை நீட்டினாள்.

"இதைப் போட்டுக்கோங்கோ மாமா."

"கோடு அழிஞ்சுடும்."

"பாலத்து மேல போலீஸ் நிப்பா."

போட்டுக்கொண்டார்.

காவிரிப் பாலத்தில் கல்வத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். பால்பண்ணை நெரிசலில் "லெப்ட்ல பஸ், லெப்ட்ல பஸ்" என்றார். பஸ் வலது பக்கம் வந்தது. அரியமங்கலத்தில் ஒரு வேகத்தடையில் வண்டி குதித்தபோது அவர் குதிக்கவில்லை. கல்வத்தின் கனம் அவரைக் கீழே பிடித்துவைத்தது. திருவெறும்பூர் சிக்னலில் பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"சாமி, அபிஷேகமா?"

"இன்டர்வியூ" என்றார் பீமராவ்.

*

லேபில் கமலினி குழம்பைக் கண்ணாடித் தட்டில் வழித்து வெற்றிட அடுப்பில் வைத்தாள். பீமராவ் செருப்பை வெளியே விட்டார். தலைக்கு வலை போடச் சொன்னதும் போட்டார். எதையும் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோவிலில் நிற்பதைவிட ஒழுங்காக நின்றார்.

காய்ந்ததும் பொடியைத் தராசில் வைத்தாள். எண் ஏறி ஆறு கிராமைத் தாண்டி நின்றது.

தட்டை எடுத்தாள். தராசைச் சரிபார்த்தாள். மறுபடி வைத்தாள். அதே எண்.

"குறைஞ்சிருக்கா?" என்றார் பீமராவ்.

"கூடியிருக்கு."

"எட்டு நெத்திக்குப் போனப்புறமா?"

"ஆமா."

பீமராவ் கண்ணை மூடிக் கை கூப்பினார்.

"ஸ்வாமிகிட்ட வெச்சது. பெருகும்."

கமலினி வீட்டுக்கு போன் போட்டாள்.

"மாமி, என் பொடியைக் கொட்டறதுக்கு முன்னாடி சிமிழ் காலியாத்தானே இருந்தது?"

"காலியாவா? போன பண்டிகைக்கு அரைச்ச அங்காரம் கால்வாசி இருந்தது. எல்லாம் கரிதானேன்னு மேலயே கொட்டினேன். ஏன், தூசி தும்பு இல்லையே? நானே சலிச்சது."

"தூசி இல்ல மாமி."

"அவர் எதாவது சாப்பிட்டாரான்னு கேளு."

கமலினி போனைக் கையால் பொத்தினாள்.

"சாப்பிட்டேளான்னு கேக்கறா."

"இல்லேன்னு சொல்லு. கேட்டதுக்கு சந்தோஷம்னு சொல்லு. இல்ல, அது வேண்டாம். இல்லேன்னு மட்டும் சொல்லு."

அவள் சொன்னாள். போனை வைத்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

தட்டில் இருப்பதில் எது தன் கரி, எது தூபக்கால் கரி என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. தூபக்கால் கரியில் சாம்பல் இருக்கும். சாம்பல் பாட்டரியைக் கெடுக்கும். பார்வைக்கு இரண்டும் கறுப்பு.

கதவு தட்டும் சத்தம் கேட்டது.

*

இருதயநாதன் உயரம். குரல் மெது. சட்டைப் பையில் பூதக்கண்ணாடி வைத்திருந்தார்.

"வணக்கம் மேடம். பொடி ரெடியா இருக்குங்களா?"

பதில் வருவதற்குள் அவர் பார்வை பீமராவ் மேல் போனது. முகத்தில் அல்ல. நெற்றியில்.

"மாமனார்" என்றாள் கமலினி.

"வணக்கங்க. தப்பா எடுத்துக்காதீங்க. நெத்தில என்ன பூசியிருக்கீங்க?"

பீமராவ் மருமகளைப் பார்த்தார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். ரயில்வேயில் வேலை பார்த்தபோது அதனாலேயே இரண்டு பதவி உயர்வு தாமதமாக வந்தது.

"வாழைப்பூ மடல். ஆயிரத்து முந்நூறு டிகிரி."

இருதயநாதன் பூதக்கண்ணாடியை எடுத்தார். பக்கத்தில் வந்து குனிந்தார்.

"எப்ப பூசினீங்க?"

"விடிகாலைல."

"எதுல குழைச்சீங்க?"

"தண்ணில."

"பசை கிசை?"

"ஒண்ணும் இல்ல."

"வந்தது பஸ்லயா?"

"ஸ்கூட்டர்ல. ஹெல்மெட் போட்டுண்டு."

"ஹெல்மெட் போட்டுமா?"

அவர் விரலால் கோட்டின் ஓரத்தைத் தேய்த்தார். விரலைப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். பீமராவ், யார் தடவினாலும் அசையாத கோவில் தூண் போல நின்றார்.

"மேடம், மூணு வருஷமா தாள்ல பூசிப் பாக்கறேன். காஞ்சதும் ஓரம் உதிரும். மடக்கினா நடுவுல வெடிக்கும். இவர் புருவத்தைத் தூக்கறார், இறக்கறார், கோடு அப்படியே இருக்கு. சார், கொஞ்சம் கோபப்படுங்க."

"யார் மேல?"

"சும்மா. நெத்தியைச் சுருக்குங்க."

பீமராவ் வைஜயந்தியை நினைத்துச் சுருக்கினார். கோடு வெடிக்கவில்லை. இருதயநாதன் போனில் படம் எடுத்தார்.

"பக்கவாட்டுல ஒண்ணு. பல்லு தெரிய வேண்டாம்."

"சிரிக்கலையே. என் முகமே அப்படித்தான்."

"அது தோல் சார். அலுமினியத் தாள் இல்ல" என்றாள் கமலினி.

"தெரியுதுங்க. ஆனா தோல்ல நிக்கறது தாள்லயும் நிக்கும்னு மனசு சொல்லுது. பொடியக் குடுங்க. இங்கயே ஒரு தாள்ல பூசிப் பாப்போம். ஒட்டிச்சுன்னா சாயங்காலமே ஆர்டரை உங்க கைல குடுத்துட்டுப் போறேன். நாளைக்குப் பொள்ளாச்சிக்கு வேண்டாம்னு சொல்லிடறேன்."

தட்டு அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பீமராவ் அதைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலில் ஒன்றும் இல்லை.

பூசினால் ஒட்டும். கமலினிக்கு அது தெரிந்தது. இத்தனை நெற்றிகள் சாட்சி. ஆனால் ஒட்டுவது தன் கரியா, வைஜயந்தி சலித்த கரியா, துளசி தீர்த்தமா என்பது தெரியாது. நாளை அவர் ஒரு மூட்டை கேட்பார். எதை மூட்டை கட்டுவது?

"சார், இது என் பொடி மட்டும் இல்ல."

"புரியலங்க."

"வீட்டுல கலந்துடுத்து. தூபக்கால் கரி கொஞ்சம். துளசி தீர்த்தம். அவர் நெத்தில இருக்கறதும் கலப்படம்தான்."

இருதயநாதன் பூதக்கண்ணாடியைப் பையில் வைத்தார். பீமராவைப் பார்த்தார்.

"தப்பு என்னோடது" என்றார் பீமராவ். "அவ மேல ஒண்ணும் இல்ல. நான்தான் எடுத்துண்டு போனேன். கலந்தது என் ஆத்துக்காரி. அவமேலயும் தப்பு இல்ல. பிளாஸ்டிக்கை ஸ்வாமி முன்னாடி வெக்க முடியாதில்லையா?"

"எங்க வீட்ல மாதா படத்துக்கு முன்னாடி பைக் சாவியை வைப்பாங்க. சாவியோட மெழுகு ஒட்டிடும். எனக்குப் புரியுதுங்க." அவர் கமலினி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"ஆமா சார்."

"சுத்தமானது எப்ப கிடைக்கும்?"

"உலைக்குக் குழாய் வரணும். ஒரு மாசம் ஆகலாம்."

"ஒரு மாசம் என் மெஷின் சும்மா நிக்காதுங்க. இப்போதைக்குப் பொள்ளாச்சிதான். உங்க பொடி வந்ததும் தனியா, கலக்காம, கொண்டு வாங்க. பாக்கறேன். வேலை உண்டுன்னு இன்னிக்கு வாக்குக் குடுக்க மாட்டேன். இல்லைன்னும் சொல்ல மாட்டேன்."

"சரி சார்."

"அந்தத் தீர்த்தம் எந்தத் துளசின்னு மட்டும் கேட்டு வைங்க."

அவர் சிரிக்காமல் சொன்னார். போகும்போது பீமராவுக்குக் கை கொடுத்தார். ஒருமுறை திரும்பி நெற்றியையும் பார்த்துவிட்டுப் போனார்.

*

வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்ச் இருந்தது. கேன்டீனிலிருந்து கமலினி இரண்டு காபி வாங்கி வந்தாள். பீமராவ் வெளியே காபி குடிப்பதில்லை. வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். சூடாவது பயன்படட்டும் என்று.

"அப்படியே குடுத்திருக்கலாம்" என்றார்.

"குடுத்திருக்கலாம்."

"நான் ஜன்னலத்தான் பாத்துண்டிருந்தேன்."

"பாத்தேன் மாமா."

பிரஹலாத் போன் செய்தான். நடந்ததைக் கேட்டான். ஆலைச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"எதுவா இருந்தாலும் எனக்கு ஓகே, கமலி."

"சரி" என்று வைத்தாள்.

உடனே வைஜயந்தி அழைத்தாள். காரியம் நடக்கவில்லை என்று தெரிந்துகொண்டாள்.

"போனை அவர்கிட்ட குடு" என்றாள்.

பீமராவ் காபியை பெஞ்சில் வைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். காதில் அழுத்திப் பிடித்தார். "ம்" என்றார். "ம். நீயும் நானுமா சேந்துதான் கெடுத்தோம்" என்றார். "இல்ல, நான் எதுவும் சொல்லல. சொல்லவே இல்ல. ம்." போனைத் திருப்பிக் கொடுத்தார். முகத்தில் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது.

"என்ன சொன்னா?"

"திங்கட்கிழமையிலிருந்து சொல்லாம விட்டதெல்லாம் சொன்னா. ஒண்ணு விடல."

போன் மறுபடி அடித்தது. திரையில் பூனே எண். கமலினி அதைப் பார்த்தாள். கட்டைவிரல் அசையவில்லை.

பீமராவ் தன் கையை போனின் மேல் வைத்து மூடினார். சத்தம் உள்ளங்கைக்குள் துடித்தது.

"ஒருத்தி போகாதேங்கறா. நீ போய்ட்ட மாதிரியே நான் ஊருக்குச் சொல்லிட்டேன். அவன் எல்லாத்துக்கும் ஓகேங்கறான்" என்றார். "நாங்க மூணு பேரும் இல்லேன்னு வெச்சுக்கோம்மா. நீ எங்க இருப்பே?"